கணக்கு சரிதான், உடம்பு கேட்கவில்லை

அன்புள்ள ஐயா, வணக்கம்ங்க.

எனக்கு 44 வயது. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தினமும் 500 கலோரி குறைத்தால் 15 நாளில் ஒரு கிலோ குறையும் என்று படித்துவிட்டு இரவுச் சோற்றை நிறுத்தினேன். 86 கிலோ இருந்தவன் நாலு மாதத்தில் 79க்கு வந்தேன். அப்புறம் அதே சாப்பாடு, அதே நடை. முள் அசையவே இல்லை. பசி தாங்காமல் ராத்திரிக்கு மூன்று இட்லி சேர்த்தேன். இப்போது 84. வீட்டில் 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்கிறார்கள். ஒரு காலத்தில் சென்னிமலையின் 1320 படியையும் உட்காராமல் ஏறியவன் நான். எங்கே தப்பு செய்தேன்?

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தப்பு செய்யவில்லை. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி. நீங்கள் படித்த கணக்கு அதிலிருந்து வந்ததுதான். ஆனால் செலவுப் பக்கம் மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. பேரேடு எழுதுகிறவர் நீங்கள், சொன்னால் புரியும்: வரவு குறைந்ததும் உடம்பு செலவைச் சுருக்கிவிட்டது. 86 கிலோவைச் சுமக்க ஆன செலவு 79 கிலோவுக்கு ஆகாது. அதற்கும் மேலே கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். கொழுப்பு கரையக் கரைய, உடம்பில் கையிருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டிவிடும்.

1945ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல திடகாத்திரமான ஆட்கள். அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சாப்பாடு பழையபடி கிடைத்த பிறகும் பசி அடங்கப் பல மாதம் ஆனது. உங்கள் மூன்று இட்லியை அதோடு வைத்துப் பாருங்கள். வாயைக் கட்டத் தெரியாதவர் என்று உங்களை யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதோடு நம் ஊர்ப் பிரியமும் சேர்ந்துகொள்கிறது. காங்கேயத்தில் என் பெரியம்மா வீட்டில் அரிசியும்பருப்புஞ் சோறு போட்டால், நடுவில் கரண்டியால் குழி பறித்து, அது நிறைய நெய் விடுவார். "போதுங்க பெரீம்மா" என்று கையை மறித்தால் விரலிடுக்கில் ஊற்றுவார். ஒரு மேசைக்கரண்டி நெய் ஏறக்குறைய 120 கலோரி. அரை மணி நேரம் வேகமாக நடந்தால்தான் அது கழியும். அதற்காக அந்தக் கரண்டியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வந்ததில்லை.

சரி, என்ன செய்யலாம்? தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ராத்திரிப் பட்டினி வேண்டாம். சோற்றைக் குறைத்துவிட்டு, கொள்ளு, பாசிப்பயறு, முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும், அதனால் நடையோடு நிற்காமல் எடை தூக்கவும் பழகுங்கள். இந்த முறை 500 வேண்டாம், 200 குறைத்தால் போதும். தினமும் எடை பார்க்காதீர்கள். உப்பும் தண்ணீருமே ஒரு கிலோ ஏற்றி இறக்கும்.

தைப்பூசத்துக்கு முன்னால் ஒருமுறை சென்னிமலை ஏறிவிட்டு வாருங்கள். எத்தனையாவது படியில் உட்கார்ந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.