டொக்யார்ட் தகரத்துப் பென்னிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அப்பப்பா திருகோணமலைக் கடற்படை டொக்யார்ட்டில் வேலை செய்தவர். அவருடைய பிஸ்கட் தகரத்தில் பெரிய செப்புக் காசுகள் இருபதுக்கு மேல் கிடக்கின்றன. ஒரு பக்கம் ராசாவின் தலை, மறுபக்கம் சூலம் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண். 1919 என்று போட்டிருந்தால் லட்சக்கணக்கில் போகும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? (உவர்மலை வாசகர்)

பதில்: 1919 என்ற ஆண்டுக்காக மட்டும் லட்சம் கிடைக்காது. அந்த வருடப் பென்னி கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. ஆனால் அதற்காகத் தகரத்தை மூடி வைத்துவிடாதீர்கள், இனிமேல்தான் பார்க்க வேண்டியது இருக்கிறது.

அந்தப் பெண் பிரித்தானியா. காசு ஒரு பென்னி, குறுக்களவு ஏறத்தாழ 31 மில்லிமீற்றர். செப்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் 1860இலிருந்து அது வெண்கலம். இலங்கையில் 1872இலேயே ரூபாயும் சதமும் வந்துவிட்டதால் இந்தப் பென்னியைக் கொண்டுபோய் நம்முடைய கடைத்தெருவில் ஒரு கட்டு வெற்றிலைகூட வாங்கியிருக்க முடியாது. அப்படியிருந்தும் திருகோணமலை வீடுகளில் இவ்வளவு கிடக்கிறது என்றால், 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளிக்கும் வரைக்கும் வந்துபோன கடற்படைக்காரரின் சட்டைப்பைகளிலிருந்து வந்தவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சரி, தகரத்துக்கு வருவோம். காலை வெயில் சாய்ந்து விழும் யன்னலோரம் உட்காருங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பிரித்தானியாவின் காலடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே ஆண்டு இருக்கும். ஆண்டுக்கு இடப்பக்கம் கொஞ்சம் வெறுமையாக இருக்கும் இடத்தில் குட்டியாக 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். 1912, 1918, 1919 காசுகளில் இருக்கலாம். லண்டன் நாணயசாலையால் தேவையான அளவு அடித்து முடிக்க முடியாமல் பர்மிங்ஹாமில் இருந்த ஹீட்டன் என்ற தனியார் நாணயசாலைக்கு வேலையைக் கொடுத்தார்கள், அதன் அடையாளம்தான் அந்த எழுத்து. 1918, 1919இல் கிங்ஸ் நோர்ட்டன் என்ற இன்னொரு நிறுவனமும் அடித்தது. அதில் 'கே என்' என்று இரண்டு எழுத்து இருக்கும். இந்த 'கே என்' காசுகள்தான் குறைவு. நல்ல நிலையில் இருந்தால் சேகரிப்பவர் உண்மையிலேயே விலை கொடுப்பார், தேய்ந்து வழவழத்துப் போயிருந்தால் ஏதோ கொஞ்சம்தான். 1912 'எச்' தாராளமாகக் கிடைக்கும்.

பிரித்தானியாவின் மேல் மங்கலாக ஒரு தலையின் நிழல் தெரிந்தால் பயப்படாதீர்கள், அதை யாரும் கெடுக்கவில்லை. ஐந்தாம் ஜோர்ஜின் தலையை அவ்வளவு புடைப்பாக வெட்டியிருந்ததால் உலோகம் அந்தப் பக்கம் இழுபட்டு மறுபக்கத்தில் நிழல் விழுந்தது. 1926இல் அச்சைத் திருத்தினார்கள். அந்த வருடத்தில் பழைய தலையும் உண்டு, திருத்திய தலையும் உண்டு. திருத்தியது அபூர்வம். ராசாவின் கழுத்து முடியும் இடத்தில் 'பி எம்' (BM) என்ற எழுத்துகளைப் பாருங்கள். பழையதில் எழுத்துகளுக்குப் பக்கத்தில் புள்ளி இருக்கும். திருத்தியதில் புள்ளி இல்லை, எழுத்தும் வலப்பக்கம் தள்ளி நிற்கும்.

தகரத்தில் 1902ஆம் ஆண்டு ஏழாம் எட்வர்ட் பென்னி இருந்தால் கடலைப் பாருங்கள். பிரித்தானியாவுக்குப் பின்னால் ஓடும் கடல் கோடு அவள் கால்கள் குறுக்கிடும் இடத்திலேயே வந்து முட்டினால் அது 'லோ டைட்' (கடல் வற்றிய) வகை, தனியாக எடுத்து வையுங்கள். விக்டோரியா காலத்துக் காசில் 'எச்' இருந்தால் அது ஆண்டுக்குக் கீழே இருக்கும். 1882இல் 'எச்' இல்லாத பென்னி மிக அரிது, அதனால்தான் 'எச்'சைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் உலோகம் பள்ளமாகவோ கீறலாகவோ இருந்தால் விலை கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: அந்தத் தகரத்துக் காசுகள் கறுத்துப் போயிருக்கின்றன. புளி போட்டு மினுக்கலாமா? (அதே வாசகர்)

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் வயதில் 1862ஆம் ஆண்டுப் பென்னி ஒன்று எனக்குக் கிடைத்தது, கொண்டை போட்ட இளம் விக்டோரியா, தலைமயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. அம்மா குத்துவிளக்குத் துலக்க வைத்திருந்த புளியையும் சாம்பலையும் எடுத்து அரை மணித்தியாலம் தேய்த்தேன். ரோஸ் நிறத்தில் பளபளவென்று வந்தது, தலைமயிர் போய்விட்டது. அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்பதில்லை. அந்தக் கறுப்பும் கபிலமும் நூறு வருடத்தில் தானாகப் படிந்த தோல், அதற்குத்தான் விலை. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு நாள் ஊறவிட்டுப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். நம்முடைய ஊர் உப்புக்காற்றுக்கு வெண்கலம் பச்சை பூக்கும். ஆகவே கடதாசி உறையில் தனித்தனியாகப் போட்டு, மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா பைகளையும் சேர்த்து மூடி வையுங்கள்.

கேள்வி: ஷில்லிங், சிக்ஸ்பென்ஸ் எல்லாம் வெள்ளியா? (சீனக்குடா வாசகர்)

பதில்: 1919 வரைக்கும் நூற்றுக்கு 92.5 வெள்ளி. 1920இலிருந்து 1946 வரைக்கும் பாதிதான் வெள்ளி. 1947இலிருந்து துளியும் இல்லை, செப்பும் நிக்கலும்தான்.

கேள்வி: சட்டைப் பொத்தானை விடச் சிறிய செப்புக் காசு ஒன்று பழைய வீட்டை இடிக்கும்போது கிடைத்தது. விக்டோரியா தலை, 1853. மறுபக்கம் 'குவார்ட்டர் ஃபார்திங்' என்று இருக்கிறது. விளையாட்டுக் காசா? (மூதூர் வாசகர்)

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் சந்தோசம் தந்தது உங்களுடையதுதான். விளையாட்டுக் காசு இல்லை, லண்டனில் இலங்கைக்கென்றே அடித்த காசு!

1825இல் இங்கே பவுண்ட், ஷில்லிங், பென்ஸ் என்ற ஸ்ரேலிங் கணக்கைக் கொண்டுவந்தார்கள். அதுவரை புழங்கியது ரிக்ஸ் டொலர். 'பணம்' என்ற சிறு காசு 12 சேர்ந்தால் ஒரு ரிக்ஸ் டொலர். ரிக்ஸ் டொலரின் மதிப்பை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 18 பென்ஸ் என்று வைத்தார்கள். அப்போது ஒரு பணம் ஒன்றரைப் பென்ஸ். அந்த மதிப்புக்கே பின்பு குண்டுமணி போல ஒரு வெள்ளிக் காசும் அடித்தார்கள், கிரீடத்துக்குக் கீழே '1½' என்று மட்டும் போட்டிருக்கும். அதுவும் இந்தப் பக்கம் கிடைக்கும், கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதில் 1835 என்ற ஆண்டைக் கவனமாகப் பாருங்கள், 5க்கு அடியில் பழைய 4 தெரியும் வகை ஒன்று உண்டு.

இங்கிலாந்தின் மிகச் சிறிய காசான ஃபார்திங், கால் பென்னி, இங்கே கடையில் கீரை வாங்கும் கணக்குக்குப் பெரிதாக இருந்தது. அதனால் 1828இல் அரை ஃபார்திங், 1839இல் கால் ஃபார்திங். உங்கள் காசு 3,840 சேர்ந்தால்தான் ஒரு பவுண்ட். அரை ஃபார்திங்கை 1842இல் இங்கிலாந்திலும் செல்லுபடியாக்கினார்கள், கால் ஃபார்திங்கை அங்கே புழங்கவிடவேயில்லை. 1839, 1851, 1852, 1853 என்ற நான்கு ஆண்டுகள்தான். கூட்டிய குப்பையோடு எத்தனை போயிருக்குமோ. இடித்த மண்ணை இன்னொரு தடவை அரித்துப் பாருங்கள்.

கேள்வி: அம்மம்மாவின் தாலிக்கொடியில் இருக்கும் பவுண்காசில் குதிரைக்குக் கீழே 'எம்' மாதிரி ஒரு எழுத்து. போலியா? (தம்பலகாமம் வாசகி)

பதில்: அது மெல்பேர்ண் நாணயசாலை, அக்கா. 'எஸ்' சிட்னி, 'பி' (P) பேர்த், 'எஸ் ஏ' தென்னாபிரிக்கா, 'சி' கனடா. 'ஐ' என்றால் பம்பாய், 1918 ஒரே ஆண்டு மட்டும். எழுத்து இல்லாவிட்டால் பெரும்பாலும் லண்டன். ஐந்தாம் ஜோர்ஜ் காசில் ஆண்டுக்கு மேலே மண் கோட்டில் இருக்கும். விக்டோரியா காசுகள் சிலவற்றில் தலைக்குக் கீழே இருக்கும், இரண்டு பக்கமும் பாருங்கள்.

எழுத்தை வைத்து மட்டும் நல்லது என்று முடிவு கட்ட முடியாது, போலி அடிப்பவன் எழுத்தையும் சேர்த்தே அடிப்பான். கழற்ற முடிந்தால் நிறுங்கள். 7.98 கிராமுக்கு மிகக் கிட்ட இருக்க வேண்டும், குறுக்களவு 22 மில்லிமீற்றர். நாம் எட்டுக் கிராமை ஒரு பவுண் என்று சொல்வதே இந்தக் காசின் நிறையிலிருந்து வந்ததுதான். வளையம் ஒட்டியிருந்தால் நிறை கூடும், அதை மறக்க வேண்டாம். ஒட்டிய காசுக்குச் சேகரிப்பவர் தரும் விலை குறைவு, தங்கத்தின் விலை அப்படியே இருக்கும். வளையத்தை வெட்டி எடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள், விளிம்பில் இருக்கும் கோடுகளும் அதோடு போய்விடும்.