சிற்பத்தை ரசிக்க அதன் வரலாறும் தெரிந்திருக்க வேண்டுமா? கண்ணால் பார்த்தால் போதாதா?

யாரோ உங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தூணுக்குத் தூண் நிறுத்திப் பாடம் எடுத்திருக்கிறார்கள் போல. கால் கடுத்த கோபம் கேள்வியிலேயே தெரிகிறது. முப்பது வயது வரை நானும் உங்கள் கட்சிதான்.

காங்கயம் பக்கம், எங்கள் கொறங்காட்டு (மேய்ச்சல் காடு) இட்டேரி ஓரத்தில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் பாதையோரம், இடுப்பளவு பலகைக்கல் ஒன்று நிற்கிறது. அதில் கொண்டை போட்ட ஓர் ஆள், எதிரே பின்னங்காலில் எழும்பி நிற்கும் ஒரு நாய். ஆளின் கை நாயின் வாயருகே. ஏதோ தின்னக் கொடுக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டிப் பொங்கலன்று அப்பாரு (எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்) அதற்கு ஒரு சொம்புத் தண்ணி ஊற்றிப் பூ வைப்பார். ஏனென்று கேட்டால், "எங்கய்யன் ஊத்துச்சு, நானும் ஊத்தறேன் கண்ணு" என்பார். அவ்வளவுதான் விவரம்.

கல்வெட்டு படிக்கிற வாத்தியார் ஒருவர் ஒருநாள் காலையில் வந்தார். பார்த்துவிட்டு, "சாயங்காலம் வர்றேனுங்க" என்று போய்விட்டார். அஞ்சு மணிக்கு வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் கல்லில் இருந்ததெல்லாம் எழும்பி வந்தது. "நாயில்லீங்க, புலி. பிடரிக்குப் பின்னால பாருங்க" என்றார். விரல் நகம் அளவுக்கு ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தது. ஈட்டி முனை! வாய்க்குள் போய்ப் பிடரி வழியாக வந்திருக்கிறது. புலியின் முன்னங்கால் ஆளின் தொடையில் பதிந்திருக்கிறது.

புலிகுத்திக்கல். மழை குறைந்த மேய்ச்சல் பூமியில் மாடுதான் சொத்து. பட்டிக்குள் புகுந்த புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். கொங்கில் இப்படி நிறைய உண்டு. நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறதாம், அதில் ஒன்று நீர்ப்படை, கல்லை நீராட்டுவது. அப்பாருவின் சொம்பு அதேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"பரோட்டா தின்ன மைதா வரலாறு தெரியணுமா?" என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார், தெரியும். வேண்டாமுங்க. கோவை பேரூர்க் கோயில் கனகசபையில், காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் சிவனான ஊர்த்துவ தாண்டவர் முன்னால் ஒன்றும் தெரியாமலே வாய் பிளந்து நின்றவன் நான். நாயக்கர் காலத்து வேலை, அதுவாகவே பேசும். ஆனால் ஈரோடு பக்கம் அறச்சலூர் நாகமலைக் குகைக்குப் போய்ப் பாருங்கள். கோழி கிளறியது மாதிரி கீறல்தான் தெரியும். அது தமிழ்ப் பிராமி, தமிழின் பழைய எழுத்து என்று தெரிந்தவர் சொல்லித்தான் புரியும்: 5 வரி, வரிக்கு 5 எழுத்து, 'த தை தா தை த' என்று ஆரம்பம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும், மேலிருந்து கீழே வந்தாலும் அதே தாளம். 1,500 வருஷத்துக்கும் முந்தைய தாளக் கணக்கு. தெரிந்த பிறகு கால் தானாகத் தட்டுகிறது.

எங்கள் கல்லுக்கு இப்போது டைல்ஸ் பதித்த மேடை. போன வருஷம் என் பங்காளி எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிணற்றில் என் முறைத்தண்ணியில் ரெண்டு மணி நேரம் மோட்டார் ஓட்டுகிறவன் கல்லுக்கா கேட்கப் போகிறான்? மஞ்சளில் கறுப்புக் கோடு, ஆளுக்கு மீசை, பிடரிக்குப் பின்னால் இருந்த முனை பெயிண்டுக்குள் போயே போய்விட்டது.

ஆனால் என் மகள் பார்த்தவுடனே "ஐ, புலி!" என்றாள். அதை மட்டும் அவனிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.