இங்கிலாந்து விடுதிப் பள்ளி: சொந்தக்காரரையே பாதுகாவலராகப் போடலாமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். 14 வயது மகளுக்கு இங்கிலாந்து விடுதிப் பள்ளியில் வரும் செப்டம்பரில் சேர இடம் கிடைத்திருக்கிறது. அங்கேயே ஒரு பாதுகாவலர் வேண்டும் என்கிறார்கள். மனைவியின் சித்தப்பா மகன் லெஸ்டரில் இருக்கிறார். அவர் பெயரைக் கொடுத்தால் போதுமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் உறவு என்பதற்காக மட்டும் கொடுக்காதீர்கள்.

நம் முறைப்படி அவர் உங்கள் மகளுக்கு மாமா. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி அவர் உறவினரே இல்லை. தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், பெற்றோரோடு பிறந்தவர்கள், அவர்களை மணந்தவர்கள், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை, இவர்களோடு அந்த வட்டம் முடிந்துவிடும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளை உறவினரல்லாதவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் அது தனியார் வளர்ப்புப் பராமரிப்பு; 6 வாரம் முன்பே உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓரிரு வார விடுமுறைக்கு இந்தச் சிக்கல் வராது. விமானச் செலவை மிச்சப்படுத்தக் கோடை விடுமுறை முழுக்க அங்கேயே விட நினைத்தால்தான் வரும்.

அடுத்தது நாள்காட்டி. அவர்களுடைய அரைப்பருவ விடுமுறை பெரும்பாலும் அக்டோபர் கடைசியில் வரும். அதற்குள் நம் பள்ளி விடுமுறை முடிந்திருக்கும், நீங்கள் போய்க் கூட இருக்க முடியாது. நடுவில் விடுதியை மூடும் வார இறுதிகளும் உண்டு. அம்மை போட்டாலோ, பள்ளி இடைநீக்கம் செய்தாலோ அன்றைக்கே அழைத்துப் போகச் சொல்வார்கள். ஆகவே மாமாவிடம் நேராகக் கேளுங்கள்: வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியிலிருந்து கூப்பிட்டால் மாலைக்குள் போய்ச் சேர முடியுமா? பிள்ளைக்குத் தனி அறை உண்டா? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? தயங்கினால் அவரை விட்டுவிடுங்கள். பல பள்ளிகள் 25 வயதுக்குக் குறைந்தவரையும் கல்லூரி மாணவரையும் ஏற்பதில்லை.

மாற்று வழி, பாதுகாவலர் நிறுவனம். 1994இல் தொடங்கிய ஏஜிஸ் என்ற சங்கம் இவற்றை ஆய்வு செய்து அங்கீகரிக்கிறது. அங்கீகாரம் இருந்தாலும், தங்கப்போகும் வீட்டை யார் நேரில் பார்த்தார்கள், வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் குற்றப்பின்னணிச் சோதனை முடிந்ததா, நள்ளிரவில் எந்த எண்ணை அழைப்பது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதே பள்ளி ஆசிரியரைப் பாதுகாவலராகப் போட வேண்டாம். பள்ளிமேல் குறை என்றால் பிள்ளை யாரிடம் சொல்வாள்?

பாதுகாவலர் ஆனதால் பெற்றோரின் சட்ட உரிமை அவருக்குப் போய்விடாது. அவசர சிகிச்சை, தோழி வீட்டில் தங்குதல், பயணம் ஆகியவற்றில் எதை அவர் முடிவு செய்யலாம் என்று எழுதி, ஒரு பிரதியை விடுதிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். விசா விண்ணப்பம், பயணம், அங்கே தங்குமிட ஏற்பாடு மூன்றுக்கும் சம்மதம் சொல்லி நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும்.

சாப்பாட்டை மறந்துவிடாதீர்கள். பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே புரட்டாசி பிறந்துவிடும். மத வழக்கத்துக்கேற்ற உணவை விடுதி தர வேண்டும் என்றாலும், சமையலறைக்குப் புரட்டாசி தெரியாது. இறைச்சி, மீன், முட்டை எதுவும் கூடாது என்று தேதிகளோடு ஆகஸ்டிலேயே எழுதுங்கள். தங்கும் வீட்டுக்கும் அதையே அனுப்புங்கள்.

முதல் அரைப்பருவ விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் மகளிடம் தனியாகப் பேசுங்கள். அந்த வீட்டில் இருக்கும்போது கேட்டால் வாய் திறக்க மாட்டாள். பிடிக்கவில்லை என்றால் காரணம் துருவாமல் ஆளை மாற்றுங்கள். புதியவரின் பெயரை அடுத்த விடுமுறைக்கு முன் பள்ளிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.