ஜிம்மில் ஓடிவிட்டு இறங்கினால் தலை சுற்றுகிறது. பயப்பட வேண்டுமா, ஜிம்மை விட்டுவிடலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: வயது 38, வேளச்சேரியில் ஒரு ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, டிரெட்மில்லில் 20 நிமிடம் ஓடிவிட்டு இறங்கினால் தலை சுற்றுகிறது, சில நாள் கண்ணும் இருட்டுகிறது, டிரெய்னரைக் கேட்டால் ஸ்டாமினா இல்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார், ஆறு மாதப் பணம் கட்டியாகிவிட்டது.

நான் டாக்டர் இல்லை. அசோக் நகரில் குடியிருக்கிற, 47 வயதான, பிபி மாத்திரை போடுகிற ஆபீஸ் ஆசாமி. இதே கூத்து எனக்கும் நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் கத்திரி நேரம். எங்கள் ஜிம் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஏசி உண்டு, ஆனால் காலையில் கூட்டம் இல்லை என்று போட மாட்டார்கள். ஒரு டம்ளர் காபி மட்டும் குடித்துவிட்டுப் போய் 25 நிமிடம் ஓடினேன், பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். சிவப்பு பட்டனை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு இறங்கி நின்று பேச ஆரம்பித்தேன். வரும்போது மாவு வாங்கி வரச் சொன்னது வரைக்கும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி தூரமாகப் போனது, பார்வை இரண்டு ஓரத்திலிருந்தும் இருட்டிக்கொண்டே வந்தது, அடுத்து பார்த்தால் டம்பெல் ஸ்டாண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். டிரெய்னர் பையனுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், ஓடி வந்து “சார், நிக்காதீங்க, அப்படியே தரையில படுங்க” என்று படுக்கவைத்து இரண்டு காலையும் தூக்கி பெஞ்சு மேல் வைத்தான். இரண்டே நிமிடத்தில் தெளிந்துவிட்டது. பக்கத்தில் எடை தூக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கப் பார்த்தார். அது வலிப்புக்கே உதவாது, இதற்கு எதற்கு என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

அன்று சாயங்காலம் தெரு முனை டாக்டரிடம் போனேன். ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்னாலேயே இரண்டு கேள்வி கேட்டார். சுற்றியதா, இருட்டியதா? ஓடிக்கொண்டிருக்கும்போதா, நின்ற பிறகா?

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால் பாதி விஷயம் தெளிந்துவிடும். நாம் எல்லாவற்றையும் தலை சுற்றல் என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அறையே வட்டமாகச் சுற்றுவது ஒன்று. கண் இருட்டி, காது அடைத்து, விழப்போகிற மாதிரி வருவது வேறு. முன்னது பெரும்பாலும் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு சம்பந்தப்பட்டது. பின்னது மூளைக்கு அந்த நிமிடம் போதிய ரத்தமோ சர்க்கரையோ போகாததால் வருவது. அதனால் டாக்டரிடம் போனால் ‘தலை சுத்துது’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள்.

அடுத்து, எப்போது வந்தது என்பது. சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது, நன்றாக ஓடும்போது 20 லிட்டர் வரைக்கும் போகும். அதில் பெரும்பகுதி கால் தசைக்குத்தான், அங்கே ரத்தக் குழாய்கள் எல்லாம் விரிந்து கிடக்கும். கீழே போன ரத்தத்தை மேலே ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. அது ஒவ்வொரு அடிக்கும் இறுகி இறுகிப் பம்பு மாதிரி தள்ளிக்கொண்டிருக்கும். நீங்கள் சட்டென்று நின்றால் பம்பு நின்றுவிடுகிறது, குழாய்களோ விரிந்தபடியே இருக்கின்றன. ரத்தம் காலிலேயே தேங்க, பிபி சரிய, கண் இருட்டுகிறது. எனக்கு நடந்தது இதுதான். ‘இறங்கினால்’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வேகத்தை 8, 6, 4, 3 என்று குறைத்துக்கொண்டே வந்து ஐந்திலிருந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு இறங்கிப் பாருங்கள். போன் அடித்தால் அடிக்கட்டும்.

(தரை மட்டும் நகர்கிற மாதிரி, ஊஞ்சலிலிருந்து இறங்கினது போல ஒரு நிமிடம் இருக்கும், கண் இருட்டாது என்றால் அது டிரெட்மில் செய்கிற மாயம். கால் ஓடுகிறது, ஆனால் கண்ணுக்கு முன்னால் சுவர் நகரவே இல்லை, மூளைக்குக் குழப்பம். அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.)

என் கதை அதோடு முடியவில்லை. டாக்டர் என்னைப் படுக்கவைத்து பிபி பார்த்தார், மேல் அளவு 128. எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார், 104. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20-க்கோ கீழ் அளவு 10-க்கோ இறங்கினால் அது சாதாரணம் இல்லையாம். காரணம் என் மாத்திரை. டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்தது, அந்த இரண்டாவது மருந்து உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிற வேலைக்காரன். குளிர்காலத்தில் தெரியவில்லை. மே மாதச் சென்னையில் வியர்வையிலும் போய், மாத்திரையிலும் போய், காலையில் காபியைத் தவிர உள்ளே எதுவும் வராமல் இருந்தால் பிபி எப்படி நிற்கும்? வெறும் டெல்மிசார்டானுக்கு மாற்றிக் கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார், சரியாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். புராஸ்டேட்டுக்குக் கொடுக்கிற டாம்சுலோசினும் எழுந்து நிற்கும்போது பிபியை இறக்கும், பெரியவர்கள் பலர் அதை டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள். பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற மெட்டோபுரொலால், அட்டெனலால் மாதிரி மருந்துகள் இதயத் துடிப்பை ஏறவிடாது, அதனால் 220-இல் வயதைக் கழித்து வருகிற அதிகபட்சத் துடிப்புக் கணக்கை வைத்துக்கொண்டு டிரெய்னர் விரட்டினால் அந்த ஆள் தள்ளாடத்தான் செய்வார்.

வெயிலைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்போம், ஆனால் நாம்தான் ஏமாறுகிறோம். இங்கே பிரச்சினை சூடு மட்டும் இல்லை, புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், நீரும் உப்பும் போவது மட்டும்தான் மிச்சம். பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஏழரை மணிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கே மூச்சு வாங்கும். போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக, வந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர் போதும். மோருக்கு ஈடாக ஜிம் வாசலில் விற்கிற எந்தக் கலர் பானமும் இல்லை என்பது என் கட்சி. ரொம்ப வியர்த்தால் ஓஆர்எஸ் பாக்கெட், ஆனால் ஒரு பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவன அளவில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். அரை டம்ளரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குடிக்கிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். பிபி, கிட்னி பிரச்சினை இருந்தால் இந்த உப்பு விஷயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொண்டாலும் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலை சுற்றல், வாந்தி, குழப்பம் எல்லாம் வரும். அரை மணி நேர ஜிம்காரர்களுக்கு இது வராது, மாரத்தான் பைத்தியங்களுக்கு வரும்.

சாப்பிடாமல் போவதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. சுகர் இல்லாத ஆளுக்கு ஒரு வேளை இட்லி சாப்பிடாததால் மட்டும் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம், சோர்வாக இருக்கும், அவ்வளவுதான். சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் கதை வேறு. கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை வந்து, பசி பிறாண்டி, பேச்சு குழறினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது பொதுவாக வராது. புரட்டாசி சனிக்கிழமை விரதம் இருந்துகொண்டு, மாத்திரையை மட்டும் வழக்கம் போல் போட்டுக்கொண்டு நடக்கப் போவது எங்கள் தெருவில் வருடா வருடம் நடக்கிறது.

நீங்கள் ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. பெண் என்றால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, ஆண்களுக்கு 13. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. என் அண்ணன் மகளுக்கு 8.9 இருந்தது, அவளையும் ஸ்டாமினா இல்லை என்றுதான் மூன்று மாதம் ஓட்டினார்கள். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று யாருமே கேட்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது உடம்பில் சரியாகச் சேராது, இது அவளுக்கும் பிறகுதான் தெரிந்தது.

எடை தூக்கும்போது வருகிறதென்றால் மூச்சைக் கவனியுங்கள். தம் பிடித்துக்கொண்டு லெக் பிரஸ் தள்ளினால் அந்த நேரம் பிபி எகிறி, விட்டதும் சட்டென்று இறங்கும். தள்ளும்போது மூச்சை விட வேண்டும், முடிந்தது.

படுத்தால், திரும்பினால், குனிந்து நிமிர்ந்தால் அறையே சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றால் அது ஓட்டத்தோடு சேர்ந்த விஷயமே இல்லை. எங்கள் அத்தைக்கு மொட்டை மாடியில் சூரிய நமஸ்காரம் செய்யும்போதெல்லாம் இப்படி வந்து, பித்தம் என்று ஆறு மாதம் இஞ்சிச் சாறு குடித்தார். காதுக்குள் இருக்கிற கால்சியம் துகள்கள் இடம் மாறிக் குழாய்க்குள் போய்விடுகிற கோளாறாம். காது டாக்டர் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி உட்காரவைத்தார், ஒரே தடவையில் போய்விட்டது. “இஞ்சியைக் கொஞ்சம் முன்னாடியே விட்டிருக்கலாம்டா” என்றார் அத்தை.

இப்போது பயப்பட வேண்டிய பகுதி. என் ஆபீஸில் ஒருவர், 52 வயது, பரங்கிமலைப் படியை வாரம் ஒருமுறை ஏறுவார். ஏறி முடித்து நிற்கும்போது இல்லை, பாதிப் படியிலேயே இரண்டு முறை கண் இருட்டி உட்கார்ந்திருக்கிறார். கூட வந்தவர்கள் காலையில் சாப்பிடவில்லை அதுதான் என்றார்கள், நானும்தான் சொன்னேன். மூன்றாவது முறை முழு மயக்கம். ஸ்டெதஸ்கோப் வைத்ததுமே டாக்டர் இதயத்தில் ஒரு இரைச்சல் கேட்கிறது என்றார், எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தது. கால் தசை கூடுதல் ரத்தம் கேட்கும்போது சுருங்கிய வாசல் வழியாகத் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். வால்வை மாற்றினார்கள், இப்போது நன்றாக நடக்கிறார்.

உழைக்கும்போதே, ஏறும்போதே, ஓட்டத்தின் நடுவிலேயே வருகிற மயக்கத்தை டாக்டர்கள் தனியாக எடுத்துப் பார்ப்பது இதனால்தான். வால்வு, தடித்த இதயத் தசை, தாறுமாறான துடிப்பு, ரத்தக் குழாய் அடைப்பு எல்லாம் அந்த நேரத்தில்தான் முகம் காட்டும். கூடவே நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, படபடப்பு, அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு இருந்தாலோ, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ ஈசிஜி, எக்கோ பார்க்கும் வரைக்கும் ஜிம் பக்கமே போகாதீர்கள். டாக்டர் சொன்னால் டிரெட்மில் டெஸ்ட், 24 மணி நேரத் துடிப்புப் பதிவு எல்லாம் பிறகு. வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போனால் ஆட்டோ தேடாமல் 108.

வருகிற நேரத்தில் என்ன செய்வது? நின்றுகொண்டு சமாளிக்காதீர்கள், தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள். நினைவில்லாத ஆளின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தெளிந்துவிட்டது என்று உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதும் வேண்டாம், நான் அன்று அரை மணி நேரம் பேக்கரியில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனேன்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வதென்றால், இந்த வாரம் ஓட்டத்தை நிறுத்தி, ஒரு பொது டாக்டரிடம் படுத்தும் நின்றும் பிபி, ஹீமோகுளோபின், சுகர், ஒரு ஈசிஜி பார்த்துவிடுவேன். எல்லாம் சரி என்றால் மெதுவாக வேகம் குறைத்து இறங்குகிற பழக்கத்தோடு தொடர்வேன். பணம் பற்றி: டாக்டர் சீட்டைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், சில ஜிம்களில் அந்த நாட்களைக் கடைசியில் சேர்த்துத் தருவார்கள். எனக்கு முதலில் முடியாது என்றார்கள், அன்று நான் அவர்கள் ஜிம் தரையில் படுத்துக் கிடந்ததை நினைவுபடுத்தியதும் இரண்டு வாரம் கொடுத்தார்கள்.