எந்த மேடைக்கு எந்தப் பாட்டு? சுங்கை சிப்புட் இசைக்குழு அண்ணனிடம் கேட்டவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டக் கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் வாசிக்கும் இன்னிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். பாட்டுப் பட்டியல் போடுவதும் என் பொறுப்புதான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

தாப்பா, கல்லூரி மாணவர்: அண்ணே, நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து குழு தொடங்கியிருக்கிறோம். முதல் வாய்ப்பு ஓர் அறுபதாம் கல்யாணம். இப்போது ரேடியோவில் ஓடும் பாட்டுகளில் இருபது பழகினால் போதுமா?

போதாது தம்பி. முதலில் அந்த வீட்டுக்குப் போய் யார் யார் வருகிறார்கள், என்ன வயது என்று கேளுங்கள். பன்னிரண்டிலிருந்து இருபது வயதுக்குள் கேட்ட பாட்டுதான் ஒருவருக்குக் கடைசிவரை ஒட்டியிருக்கும் என்பது நான் மேடையில் பார்த்தது. இன்று அறுபதை எட்டுகிறவருக்கு 1980 வாக்கில் பதினைந்து வயது. இளையராஜா சினிமாவுக்கு வந்தது 1976-இல். ஆக, உங்கள் மாப்பிள்ளை அவருடைய முதல் பத்து வருடப் பாட்டுகளோடு வளர்ந்தவர். அவருக்கு மூத்தவர்களுக்கு எம்.எஸ்.வி. இசையில் டி.எம்.எஸ்., சுசீலா. 1992-இல் ரஹ்மான் வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த தம்பி தங்கைகளும் அங்கே இருப்பார்கள்.

அறுபதாம் கல்யாணத் தம்பதிக்கு எந்த வருடம் கல்யாணம் நடந்தது என்றும் கேட்டு வையுங்கள். அதே வருடம் வந்த ஒரு காதல் பாட்டைத் தேடிப் பிடித்து, கேக் வெட்டும்போது பாடுங்கள். ஆனால் வரிகளைக் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும். மெட்டு தேனாக இருக்கும், படத்தில் அது பிரிவுக்கோ சாவுக்கோ எழுதிய பாட்டாக இருக்கும். பெரியவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது.

மூன்று மணி நேர விருந்தில் பேச்சு, படம் பிடிப்பது எல்லாம் போக இரண்டு மணி நேரம்தான் பாட்டுக்குக் கிடைக்கும். பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் 24. அதில் புதுசு நாலைந்து போதும்.

கோலகங்சார், கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர்: ஆடித் திருவிழாவுக்கு இசைக்குழு அழைக்கிறோம். இளைஞர்கள் குத்துப் பாட்டு கேட்கிறார்கள், பெரியவர்கள் பக்திப் பாட்டைத் தவிர எதுவும் கூடாது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஐயா, இதில் நான் பெரியவர்கள் பக்கம். அம்மனுக்கு முன்னால் எதையும் பாடலாம் என்று ஆகிவிடக் கூடாது. அதற்காகப் பையன்களை விரட்டவும் வேண்டாம். அவர்கள் கேட்பது தாளம், அது அம்மன் பாட்டிலேயே இருக்கிறது. பிள்ளையாரில் தொடங்கி, முருகனுக்கு இரண்டு பாடி, பிறகு உறுமியும் பம்பையும் சேர்ந்த அம்மன் பாட்டுகளை வரிசையாக விடச் சொல்லுங்கள். ஒருத்தனும் உட்கார மாட்டான். ரதம் புறப்பட்டதும் குழு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் நாதஸ்வரக்காரருக்கும் உறுமி மேளத்துக்கும் உரிய நேரம்.

பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் பாங்கு நேரத்தை முன்பே பார்த்து, பரிசளிப்பையோ இடைவேளையையோ அங்கே வையுங்கள். திடீரென்று பாட்டை அறுப்பதைவிட அது மரியாதை.

தெலுக் இந்தான், பாடகி: அண்ணா, பழைய டூயட்டுகளில் உச்சத்தில் என் குரல் எட்டுவதில்லை. சுருதியைக் குறைத்தால் கூடப் பாடுகிறவர் திணறுகிறார்.

குறைத்தால் ஆண் குரல் அடியில் போய் அமுங்கிவிடும் தங்கச்சி. இடை இசையில் சுருதியை மாற்றி, உங்கள் சரணத்துக்கு ஒன்று, அவர் சரணத்துக்கு ஒன்று என்று வையுங்கள். கீபோர்டுக்காரரும் கிட்டார்காரரும் நன்றாக ஒத்திகை பார்க்க வேண்டும். அப்படியும் எட்டவில்லையா, அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள். ஊரே மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டை அரைகுறையாகப் பாடக் கூடாது.

ஈப்போ, மணப்பெண்ணின் அக்கா: தங்கையின் கல்யாண விருந்துக்கு மலாய், சீன நண்பர்கள் நான்கைந்து மேசைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு என்ன பாடச் சொல்வது?

1973-இல் மறைந்த மலாய்ப் பாடகர், நடிகர் பி. ரம்லியின் பாட்டு ஒன்று போதும், மலாய்க்கார மேசை சேர்ந்து பாடும். அலிகேட்ஸ் பாட்டும் நல்ல தேர்வு. பினாங்கில் பிறந்த அந்தக் குழுவில் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் பாடிய மலாய்ப் பாட்டுகள் மூன்று இனத்துக்கும் தெரியும், நம் பெரியவர்களுக்கும் பெருமை. சாப்பாடு பரிமாறும்போதே பாடச் சொல்லுங்கள். கடைசிக்கு வைத்தால் அவர்கள் கிளம்பியிருப்பார்கள்.

சுங்கை சிப்புட், முன்னாள் தோட்டவாசி: எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, ஆட்கள் ஆளுக்கொரு தாமான் (வீடமைப்புப் பகுதி) என்று சிதறிவிட்டோம். இப்போது ஒன்றுகூடல் நடத்துகிறோம். உங்கள் குழு என்ன பாடும்?

எனக்கு மிகவும் பிடித்த மேடை இதுதான் அண்ணே. தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் எந்தெந்தப் படம் வந்தது என்று நாலு பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அந்தக் காகிதம்தான் எங்கள் பட்டியல். எம்.ஜி.ஆர்., சிவாஜி எப்படியும் அதில் இருப்பார்கள். மலேசியா வாசுதேவன் பாட்டு இரண்டு நான் சேர்ப்பேன். இந்த மண்ணில் பிறந்து தமிழ்நாட்டையே பாட வைத்தவர், அவர் இல்லாமல் இப்படி ஒரு கூட்டம் நடக்கக் கூடாது.

இன்னொன்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போதும் பிள்ளையைத் தூங்க வைக்கும்போதும் பாடிய பாட்டு தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மைக்கை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். டிரம்ஸ் கிடையாது, ரிதம் பேட் கிடையாது, நான் சுருதி மட்டும் பிடிப்பேன். பாட்டி சுருதி மாறினால் நானும் கூடவே மாறுவேன். அதை யாராவது போனில் பதிவு செய்ய ஏற்பாடு செய்யுங்கள், எந்தக் கேசட்டிலும் இல்லாத பாட்டு அது.

கூலிம், கிட்டார் வாசிப்பவர்: கூட்டம் எழுந்து ஆடவே இல்லை என்றால் பட்டியலை மாற்றலாமா?

தாராளமாக. ஆனால் ஆடினால்தான் ரசிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள் தம்பி. உதட்டைப் பாருங்கள், மேசையில் தாளம் போடும் விரலைப் பாருங்கள். சாப்பாடு எடுக்கப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்கிறார்களா, வெளியே நின்று பேசுகிறார்களா? வெளியே நின்றால் அடுத்து வைத்திருந்த மெல்லிசையைத் தள்ளிவிட்டு, எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுங்கள். அதற்காகவே ஏழெட்டுப் பாட்டு கைவசம் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் வரும் பாட்டு பழகாததாக இருந்தால், அதே பாடகரின் வேறு பாட்டைப் பாடி, கேட்டவர் பெயரைச் சொல்லுங்கள். சந்தோஷப்படுவார்.

அதே நண்பர்: எத்தனை மணிக்கு முடிப்பது?

சனிக்கிழமை என்றால் மண்டபம் விடும் வரை. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மேல் வேண்டாம். தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டுக்குப் போக வேண்டும், தாமானில் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். அதனால் ஞாயிறு நிகழ்ச்சிக்கு உங்கள் சிறந்த மூன்று பாட்டை ஒன்பதரைக்குள் பாடி முடித்துவிடுங்கள்.