குடி போச்சு, ருசியும் போச்சே!

கேள்வி: குடியை நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது. கை நடுக்கம், வியர்வையெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டன. ஆனால் பிரியாணி, கிரிக்கெட், மகளின் பேச்சு எதுவுமே மனதில் ஒட்டவில்லை. “குடிச்சப்பவாவது கலகலன்னு இருந்தீங்க” என்கிறார் மனைவி. காலம் முழுக்க இப்படித்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. வருடக்கணக்கில் மது, இன்ப உணர்வுக்குத் தொடர்புடைய மூளை ரசாயனமான டோபமினைத் தூண்டிவிட்டதால், அதை உணரும் ஏற்பிகளை மூளை குறைத்துக்கொண்டது. அவை மீளப் பல மாதங்கள் ஆகலாம். அதுவும் சீராக ஏறாது. நாலு நாள் நன்றாக இருக்கும், இரண்டு நாள் படுத்துவிடும். ‘ஒரு குவார்ட்டர் போட்டால் என்ன’ என்று தோன்றுவது அப்போதுதான்.

ஆசை வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று உட்காராதீர்கள். ஒரு நோட்டில் தினம் இரண்டே வேலை, தலா 15 நிமிடம், நேரம் போட்டு எழுதுங்கள்: காலை 6.30 நடை, இரவு 7 மகளோடு கேரம். பழைய குடி நேரத்தில் ஒன்றாவது விழ வேண்டும். தொடங்குமுன் எவ்வளவு பிடிக்கும் என்று பத்துக்கு மார்க் போடுங்கள். முடித்ததும் இன்னொரு மார்க். 1 போட்ட நடை 3-ல் முடிவதுண்டு. மனசு முன்கூட்டிச் சொல்வதை நம்பக்கூடாது என்பதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி.

பலர் சறுக்குவது, எடுத்த எடுப்பில் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பி, அதுவும் சப்பென்று போனதும் நொந்துபோவதில்தான். நள்ளிரவு ரீல்ஸ், ஆன்லைன் ரம்மி இரண்டும் வேண்டாம். போதைக்குப் பதில் போதை.

மனைவியிடம், ‘இது கோபமில்லை, மூளை தேறுகிறது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஊகிக்க விட்டால் சண்டைதான்.

குடியை விட்டதால் வரும் கடும் சோர்வு பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தணிய ஆரம்பிக்கும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். எனவே நாள் முழுக்கச் சோர்வு, பசியின்மை, அதிகாலை விழிப்பு எல்லாம் இரண்டு வாரமாக விடாமல் இருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனையும் கேளுங்கள். குடியை நிறுத்த மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சாகலாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்: அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.