கண்காட்சி நடத்தவும் சங்கம் நடத்தவும்: திருகோணமலைக் கேள்விகள்

இங்குள்ள வணிகர் சங்கம் ஒன்றில் செயலாளராகவும் கண்காட்சிக் குழுவிலும் பல வருடம் இருந்தவன் என்பதால், இந்த வாரம் பலர் கேட்ட கேள்விகள் என்னிடம் வந்தன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளியில் சிறு விடுதி நடத்துபவர்: அண்ணா, விடுதிகளுக்குச் சாமான் கொடுப்பவர்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கலாம் என்றிருக்கிறோம். எந்த மாதம் நல்லது?

மழை முடிந்து சீசன் தொடங்குவதற்கு இடையில் வையுங்கள். நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை கூடாரத்தைத் தூக்கிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரர் யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. மெத்தை, விரிப்பு, குளிர்சாதனம் எல்லாம் அதற்கு முன்புதானே வாங்குவார்கள்? ஆகவே பெப்ரவரி, மார்ச். ஆனால் ரமழான் நோன்பு மாதம் வருடா வருடம் 11 நாள் அளவில் முன்னுக்கு வரும், இப்போது அது இந்தக் காலத்தில்தான் விழுகிறது. முஸ்லிம்கள் அதிகமுள்ள கிண்ணியா, மூதூர் வியாபாரிகள் இல்லாமல் திருகோணமலையில் என்ன கண்காட்சி? நோன்புக்கு முந்திய வாரத்தைப் பிடியுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் எந்த நிகழ்ச்சியும் போடாதீர்கள்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி: திறப்பு விழாவைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். செலவும் அதற்குத்தான் அதிகம். சரியா?

சரியில்லை தம்பி. இது எனக்கு இன்றும் மனதில் குத்துகிற விஷயம். ஒருமுறை பிரதம விருந்தினர் இரண்டரை மணி நேரம் பிந்தி வந்தார். நாடா வெட்டாமல் யாரையும் உள்ளே விட முடியாது என்று வாசலை மூடி வைத்திருந்தோம். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்த மொத்தக் கொள்வனவாளர்கள் வெயிலில் நின்றார்கள். அதில் இருவர் உள்ளே வராமலே போய்விட்டார்கள். அவர்களுக்காகவே கருவாடும் தேனும் பொதி செய்து கொண்டு வந்திருந்த பெண்களின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை மாற்றினோம். முதல் நாள் காலை 9 மணிக்கு வாசல் திறந்துவிடும். மதியம் 1 மணி வரை வாங்க வருகிற வியாபாரிகளுக்கு மட்டும், அதன் பிறகு பொதுமக்களுக்கு. விழா மாலையில். விருந்தினர் பிந்தினாலும் வியாபாரம் நிற்காது. மூத்தவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், அன்று மதியம் ஓடர் புத்தகங்களைப் பார்த்தபின் யாரும் எதுவும் சொல்லவில்லை.

கிண்ணியாவில் பைபர் படகு செய்பவர்: மூன்று நாள் ஸ்டோல் போட்டேன். சனம் வந்தது, ஒரு ஓடரும் இல்லை. இனி எதற்குக் காசு கட்ட வேண்டும்?

நானா, படகு வாங்குகிறவர் ஸ்டோலில் நின்று காசு எண்ணித் தரமாட்டார். வீட்டில் பேசி, கடனுக்கு வழி பார்த்துத்தான் வருவார். வந்தவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், எத்தனை அடிப் படகு, எப்போது தேவை, இந்த நான்கையும் எழுதி வைத்தீர்களா? எழுதியிருந்தால் முதல் மூன்று நாளுக்குள் அழைத்துப் பேசுங்கள். எழுதவில்லை என்றால் அடுத்த முறை ஒரு பிள்ளையை அந்த வேலைக்கே இருத்துங்கள். விற்பனை கண்காட்சி முடிந்தபின்தான் தொடங்குகிறது.

மூதூரிலிருந்து பனையோலைப் பொருள் செய்யும் அக்கா: ஸ்டோல் வாடகை எங்களுக்குக் கட்டாது.

வழக்கமான ஸ்டோல் 3 மீட்டருக்கு 3 மீட்டர். அதை இரண்டு, மூன்று பேர் பகிரக் கேளுங்கள். குழுவினருக்கும் சொல்கிறேன்: ஒரு வரிசையை மேசை வாடகைக்கு ஒதுக்குங்கள். அந்த வரிசையை வாசலுக்கு அருகில் வையுங்கள். பெரிய நிறுவனங்களைக் கடைசி மூலையில் போட்டாலும் சனம் தேடிப் போகும், போகிற வழியில் சிறியவர்களையும் பார்க்கும்.

இன்னொருவர்: கண்காட்சியில் மின்சாரம் அடிக்கடி போகிறது, என்ன செய்யலாம்?

விண்ணப்பப் படிவத்திலேயே யார் என்ன கருவி கொண்டு வருகிறார் என்று கேட்டு எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டி, ஐஸ்கிரீம் பெட்டி தொடங்கும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அவற்றுக்குத் தனி லைன்.

ஒரு சங்கத்தின் செயலாளர், பெண்: 60 உறுப்பினர். வேலை செய்வது நாலு பேர். எனக்குக் களைத்துவிட்டது, ஐயா.

தங்கச்சி, உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. "உதவ யார் வருகிறீர்கள்?" என்று வட்ஸ்அப்பில் பொதுவாகக் கேட்டால் எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் வரமாட்டார்கள். ஒருவரைத் தனியாக அழைத்து, முடிகிற தேதி உள்ள சிறு வேலையைக் கொடுங்கள். "குழுவில் சேருங்கள்" என்றால் பயப்படுவார். "சனிக்கிழமை காலை வாகனத் தரிப்பிடத்தைப் பாருங்கள்" என்றால் வருவார். வந்தவருக்கு அடுத்த நாளே நன்றி சொல்லுங்கள்.

எல்லாத் தொடர்பு இலக்கங்களும் உங்கள் போனில் மட்டும் இருக்கிறதா? எங்கள் செயலாளர் ஒருவர் வெளிநாடு போனபோது ஐந்து வருடப் பட்டியல் அவரோடு போய்விட்டது. இன்றே ஒரு உதவிச் செயலாளரை உட்கார வைத்துப் பிரதி எடுங்கள். தலைவர், செயலாளர் பதவிக்கு இரண்டு வருட எல்லையைச் சங்கத்தின் யாப்பில், அதாவது விதிகளில், எழுதுங்கள். கண்காட்சி வருமானம் இருந்தால் அரைநேர அலுவலர் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். ரசீது எழுதுவதிலும் கடிதம் அனுப்புவதிலும் தொண்டரின் மாலை நேரத்தைத் தின்னக் கூடாது.

அவரே மீண்டும்: கணக்கில் சந்தேகப்படுகிறார்கள்.

கண்காட்சிக்குத் தனி வங்கிக் கணக்கு, காசோலைக்கு இரண்டு கையெழுத்து. முடிந்து 30 நாளுக்குள் வரவு செலவை ஒரே தாளில், தமிழிலும் சிங்களத்திலும், ஸ்டோல் போட்ட அனைவருக்கும் அனுப்புங்கள். நட்டம் என்றாலும் அனுப்புங்கள்.